தலைக்கு மேலே ஆபத்து! ஏலமலையில் சாய்ந்து நிற்கும் மரங்கள்

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குவாளியில் சோறு, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள், தலையில் சுற்றிய துண்டு என்று பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டில் கேரள எல்லையைக் கடந்தால் ஏலத்தோட்டங்கள். ஜூலை மாதம் என்றால் கீழே போடியில் வெயில் அடிக்கும். மேலே தென்மேற்குப் பருவமழை கொட்டும்.

காய் எடுப்பு தொடங்குகிறது. ஏலச்செடி பத்தடிக்கு மேல்கூட வளரும். காயோ தூரில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில் இருக்கிறது. அதனால் செடிக்கடியில் குனிந்தோ உட்கார்ந்தோதான் பறிக்க முடியும். தலைக்கு மேல் ஏல இலைகள் கூரையாக மூடியிருக்கும். அதற்கும் மேலே, நாற்பது ஐம்பது அடி உயரத்தில், நிழல் மரங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். திடீரென்று எங்கோ ஒரு முறியும் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் தெரிவது இலைகள்தான். எந்த மரம், எந்தப் பக்கம், எங்கே ஓடுவது? சேற்றுச் சரிவில், செடிகளுக்கு நடுவே, எழுந்து நிற்கவே சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளுக்குள் மரம் தரைக்கு வந்துவிடும்.

ஒரே நாளில் மூன்று உயிர்

2022 ஜூலை முதல் வாரத்தில் இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை வட்டாரத்தில் இதுதான் நடந்தது. ஒரே நாளில், வெவ்வேறு தோட்டங்களில், மரம் விழுந்து மூன்று தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பலத்த மழை, காற்று என்று எச்சரிக்கை வரும் நாட்களில் தோட்ட வேலையை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு உரத்து எழுந்தது.

தோட்டத்துக்கு வெளியிலும் இதே கதைதான். 2024 ஜூன் மாதம், போடிமெட்டு வழியாகப் போகும் அதே கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில், நேரியமங்கலம் அருகே ஓடிக்கொண்டிருந்த கார் மீது மரம் விழுந்து ஒருவர் இறந்தார். அதே மாதிரியான சாலையில்தான் தேனி மாவட்டத்துத் தொழிலாளர்கள் அன்றாடம் ஏறி இறங்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போடிமெட்டு மலைச்சாலையில் பாறையும் மரமும் சரிந்து போக்குவரத்து நிற்பது போடிக்காரர்களுக்குப் பழகிப்போன செய்தி. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவை நாசமாக்கிவிட்டுத் திண்டுக்கல் வழியாக மலையேறியபோது கொடைக்கானல் சாலைகளில் மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததையும் மறந்திருக்க மாட்டோம்.

விழுந்த மரம் செய்தியாகிறது. விழாமல் பாதி முறிந்து, பாதி சாய்ந்து, பக்கத்து மரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும் மரங்கள் செய்தியில் வருவதில்லை. அந்த மரங்களை என்ன செய்வது, யார் செய்வது, எப்படிச் செய்வது என்பதைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை.

மரம் ஏன் சாய்கிறது?

ஏலம் நிழலில் வளரும் பயிர். முழு வெயிலும் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. 40 முதல் 60 சதவீதம் வரை நிழல் இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு. பலா, நாவல், சந்தன வேம்பு, வெள்ளகில், சில்வர் ஓக், முருக்கு என்று தோட்டத்துக்குத் தோட்டம் நிழல் மரங்கள் மாறும். மழைக்கு முன்னால் கிளைகளைக் கழித்து வெளிச்சத்தைச் சரிசெய்வது வருடாந்திர வேலை.

1980-களின் இறுதியில் இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் உருவாக்கிய ஞள்ளானி ரகம் ஏலமலையின் முகத்தையே மாற்றியது. விளைச்சல் பல மடங்கு கூடியது. கூடுதல் வெளிச்சத்திலும் அது நன்றாகக் காய்த்ததால் கிளை கழிப்பும் கூடியது. அடர்ந்து நின்ற மரக்கூட்டம் இடைவெளி விட்டு நிற்கும் தனி மரங்களாக மாறியது.

கூட்டமாக வளர்ந்த மரம் காற்றைத் தனியாகச் சந்தித்துப் பழகியதில்லை. அக்கம்பக்கத்து மரங்கள் தடுப்பாக நின்றதால் அது வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று உயர்ந்திருக்கும். அடிமரம் அதற்கு ஏற்பப் பருத்திருக்காது. சுற்றியுள்ள மரங்கள் போய்விட்டால் முழுக் காற்றும் அதன் மேல் அடிக்கும். ஒரே பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்திருந்தால் பாரம் மறுபக்கம் சாயும். கிளையைச் சீராக வெட்டாமல் கிழித்து எடுத்த காயத்தில் தண்ணீர் இறங்கி, உள்ளே உளுத்துப்போகும். செடிக்குக் குழி எடுக்கும்போதும், தோட்டத்துக்குள் ஜீப் பாதை வெட்டும்போதும் வேர் அறுபடும். அதன் மேல் நாள் கணக்கில் மழை பெய்து மண் குழைந்துவிட்டால், வேருக்குப் பிடிமானம் ஏது?

இன்னொரு காரணத்தைத் தோட்டக்காரர்கள் வெளிப்படையாகப் பேச மாட்டார்கள். வெட்ட அனுமதி கிடைக்காத மரத்தின் பட்டையை வளையமாக உரித்துவிட்டு, தானாகப் பட்டுப்போகக் காத்திருப்பது அது. மரம் சாகும், ஆனால் விழாது. இலையில்லாத எலும்புக்கூடாக வருடக்கணக்கில் நின்று, ஒவ்வொரு கொப்பாகக் கீழே போட்டுக்கொண்டிருக்கும். உயிருள்ள மரத்தை வெட்டுவதைவிடப் பட்ட மரத்தை வெட்டுவது பல மடங்கு ஆபத்தானது.

| இந்த அறிகுறி தெரிந்தால் கீழே நிற்காதீர்கள்! |
|---|
| ● தூரைச் சுற்றி மண்ணில் புதிதாக வெடிப்பு. காற்றடிக்கும்போது அந்த வெடிப்பு திறந்து மூடுவது |
| ● மரம் நேற்றைக்கு இன்று கூடுதலாகச் சாய்ந்திருப்பது |
| ● அடிமரத்தில் நீளவாக்கில் பிளவு. இரு கவடுகள் சேரும் இடத்தில் விரிசல் |
| ● தூரிலோ வேரிலோ காளான் தட்டுத் தட்டாக முளைத்திருப்பது. தட்டினால் பொந்துச் சத்தம் |
| ● பட்டை தானாக உரிந்து விழுவது. உச்சியில் இலையில்லாத கொப்புகள் |
| ● முறிந்த கிளை கீழே விழாமல் மேலே சிக்கி நிற்பது |

‘மிஷின் இருக்குல்ல, வந்து அறுத்துட்டுப் போ!’

மரம் சாய்ந்துவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மிஷின் ரம்பம் வைத்திருக்கும் ஒருவருக்குப் போன் போகும். அவர் லுங்கியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு வருவார். கூலி மரத்துக்கு இவ்வளவு என்று பேசப்படும். ஒரு வடக்கயிறு, இழுக்க நாலு ஆள். சுற்றிலும் வேடிக்கை பார்க்க இன்னும் பத்துப் பேர்.

மரம் அறுப்பது உலகம் முழுக்க மிக அபாயகரமான தொழில்களில் ஒன்று. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 கணக்குப்படி, மரம் வெட்டும் தொழிலாளர்களில் லட்சத்துக்கு சுமார் 99 பேர் வேலையில் இறந்திருக்கிறார்கள். எல்லாத் தொழில்களுக்குமான சராசரி 3.5 மட்டுமே. நல்ல கருவி, தலைக்கவசம், பயிற்சி எல்லாம் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

நல்ல மரத்தில் கைதேர்ந்தவர் சேதமடைந்த மரத்திலும் தேறுவார் என்று சொல்ல முடியாது. நல்ல மரத்தில் பாரம் எங்கே இருக்கிறது, நார் எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்த்தே ஊகிக்கலாம். முறிந்த மரத்தில் அந்த ஊகம் பொய்க்கும். உள்ளே உளுத்திருக்கலாம். பாதி வேர் அறுந்திருக்கலாம். வளைந்து நிற்கும் தண்டுக்குள் பெரும் விசை அடைந்து கிடக்கலாம். ரம்பம் பட்டதும் அந்த விசை எந்தப் பக்கம் வெளியேறும் என்பதை அறிந்தவர்தான் அதைத் தொட வேண்டும்.

ஒரு சாண் மரத்துக்கு ஓர் அங்குலம்

மரம் வெட்டுவதில் வெட்டும் பகுதியைவிட, வெட்டாமல் விடும் பகுதிதான் முக்கியம். முறை இதுதான். மரம் விழ வேண்டிய திசையில், அடிமரத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுக்க வேண்டும். அதன் ஆழம் அடிமரக் குறுக்களவில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டே வந்து, இரண்டு வெட்டும் சேர்வதற்கு முன் நிறுத்த வேண்டும். நடுவே அறுபடாமல் நிற்கும் பட்டைதான் கதவுக்குக் கீல் போல மரத்தைப் பிடித்துக்கொண்டு, நாம் சொன்ன திசையில் மெல்லச் சாய்க்கிறது. அதன் தடிமன் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 40 சென்டிமீட்டர் மரத்துக்கு 4 சென்டிமீட்டர். கிராமத்துக் கணக்கில் சொன்னால், ஒரு சாண் குறுக்களவுள்ள மரத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

அவசரத்தில் இந்தக் கீலையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரத்துக்குக் கடிவாளம் இல்லை. அது எந்தப் பக்கமும் திரும்பலாம். உளுத்த மரத்தில் கீல் பிடிக்கவே பிடிக்காது. அதனால்தான் பட்ட மரம் நினைத்த திசையில் விழுவதில்லை.

பலமாகச் சாய்ந்த மரத்தில் வேறொரு ஆபத்து. வழக்கம்போல் பின்னாலிருந்து அறுத்துக்கொண்டே போனால், பாதி அறுப்பதற்குள் பாரம் தாங்காமல் அடிமரம் நீளவாக்கில் பிளந்துவிடும். பிளந்த பின்பகுதி, சாய்ந்து போகும் மரத்தோடு மேலே எகிறி, பின்னால் நிற்பவரின் முகத்திலோ நெஞ்சிலோ அடிக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும்.

இதைத் தடுக்க ஒரு முறை உண்டு. முன்வெட்டு எடுத்த பிறகு, ரம்ப நுனியைக் கீலுக்குப் பின்புறமாக அடிமரத்துக்குள் குத்தி, மறுபக்கம் வெளியே வரும்படி நடுவை அறுக்க வேண்டும். முன்னால் கீல் நிற்கும். பின்புற ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் மரத்தைப் பிடித்திருக்கும். ஆட்களை விலகச் சொல்லிவிட்டு, தப்பிக்கும் வழியைப் பார்த்துக்கொண்டு, கடைசியாக அந்தப் பட்டையை அறுத்தால் மரம் பிளக்காமல் சாயும். ரம்ப நுனியைக் குத்தும்போது அது வெட்டுபவரை நோக்கித் துள்ளும் அபாயம் உண்டு. ஆகவே இது பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

மரம் சாயத் தொடங்கியதும் வெட்டுபவர் நின்று ரசிக்கக் கூடாது. விழும் திசைக்கு எதிராக, பின்புறம் சாய்கோணத்தில், முன்பே செடி கொடி நீக்கி வைத்த வழியில் விலக வேண்டும். மேலைநாட்டுப் பயிற்சிகளில் இதற்கு ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள்: மரம் வெட்டும் விபத்துகளில் பத்துக்கு ஒன்பது, மரம் அசையத் தொடங்கிய முதல் 15 நொடிகளில், தூரிலிருந்து ஐந்தடிக்குள் நடக்கிறது. அந்த ஐந்தடியைத் தாண்டினாலே பாதி உயிர் பிழைத்தது மாதிரி.

சிக்கிய மரம், தொங்கும் கொப்பு, பெயர்ந்த வேர்

ஏலத்தோட்டத்தில் மரம் நேராகத் தரைக்கு வருவது அரிது. பக்கத்து மரத்தின் கவட்டில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்போது நம்மவர்கள் செய்யும் தவறுகள் மூன்று. தாங்கி நிற்கும் மரத்தை வெட்டுவது. சிக்கிய மரத்தின் மேல் ஏறிக் கிளை கழிப்பது. இன்னொரு மரத்தை அதன் மேல் தள்ளி விழவைப்பது. மூன்றுமே உயிரோடு விளையாடுவது. சிக்கிய மரத்தைத் தூரத்தில் நின்று, வின்ச் அல்லது கப்பி வைத்து, பக்கவாட்டில் இழுத்துத்தான் இறக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தைக் கயிறு கட்டி அடைத்துவிட வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று அதன் கீழேயே காய் எடுக்க ஆள் விடுவது மன்னிக்க முடியாத குற்றம்.

உச்சி முறிந்து தொங்கும் மரத்தில் ரம்பம் வைத்தால், அந்த அதிர்விலேயே கொப்பு வெட்டுபவர் தலையில் இறங்கும். மிஷின் சத்தத்தில் மேலே முறியும் ஓசை அவருக்குக் கேட்காது. அதனால் தள்ளி நின்று உச்சியையே பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். அவர் கையில் விசில் வேண்டும். விசில் ஊதினால், காரணம் கேட்காமல் வெட்டுபவர் விலக வேண்டும்.

மூன்றாவது, வேரோடு பெயர்ந்து படுத்த மரம். படுத்துவிட்டதே, இனி என்ன ஆபத்து என்று தோன்றும். தண்டை அறுத்துப் பாரத்தைக் குறைத்ததும், மண்ணோடு நிமிர்ந்து நிற்கும் வேர்த்தட்டு சடாரென்று பழைய இடத்துக்கே திரும்பி உட்காரும். அந்தக் குழியில் யாராவது நின்றால் மண்ணோடு மண்ணாகிவிடுவார்கள். வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் இறங்கி விளையாடும் இடமும் அந்தக் குழிதான். முதலில் வேர்த்தட்டைக் கயிற்றாலோ முட்டுக் கொடுத்தோ நிறுத்திவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.

| ரம்பத்தை எடுக்கும் முன்… |
|---|
| ● மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வெட்டுபவரையும் அவருக்குத் தேவையானவரையும் தவிர யாரும் இருக்கக் கூடாது. |
| ● மழை பெய்யும்போதும் காற்று வீசும்போதும் வெட்டக் கூடாது. வேலை நிற்கட்டும். |
| ● மின்கம்பி அருகில் இருந்தால், மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்யும்வரை மரத்தையோ கயிற்றையோ தொடக் கூடாது. |
| ● தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, ரம்பச் சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் நார் வைத்த கால் கவசம், பூட்ஸ். இவை இல்லாமல் மிஷினை இயக்கக் கூடாது. |
| ● மிஷினை எப்போதும் இரு கையாலும் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. |
| ● தனி ஆளாகப் போகக் கூடாது. போன் சிக்னல் எங்கே கிடைக்கும், ஜீப் எங்கே நிற்கிறது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். |

சரிவில் எல்லாமே இரட்டிப்பு

சமதளத்தில் விழுந்த மரம் கிடக்கும். மலைச்சரிவில் விழுந்த மரம் உருளும், சறுக்கும், குத்துக்காலாக இறங்கும். அதனால் சரிவில் முதல் விதி, வெட்டும் இடத்துக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது என்பது. கீழ்வரிசையில் வேலை செய்பவர்கள், தண்ணீர்க் குழாய் பார்க்கப் போனவர், லயன் வீடுகளில் இருப்பவர்கள் எல்லோரையும் அப்புறப்படுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கீழே பாதை போனால் இரு பக்கமும் ஆள் நிறுத்தி வண்டிகளை மறிக்க வேண்டும். வெட்டுபவர் மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். துண்டு போடும்போதும் அதே விதிதான்.

கயிறு இழுப்பவர்களின் நிலை இன்னும் மோசம். மரத்தை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டுமோ அந்தப் பக்கத்திலேயே நின்று இழுக்கிறார்கள். மரம் அவர்களை நோக்கித்தான் வரும். கயிறு மரத்தின் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கணக்கு முடிந்தது. வேறொரு உறுதியான மரத்தில் கப்பி கட்டி, கயிற்றைத் திசை திருப்பி, பக்கவாட்டில் பாதுகாப்பான இடத்தில் நின்று இழுப்பதுதான் சரி. ஒரு கப்பியின் செலவு ஓர் உயிருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

யார் அனுமதி தர வேண்டும்?

மரம் சாய்ந்ததும் தோட்ட முதலாளி கேட்கும் முதல் கேள்வி, ‘வெட்டினால் கேஸ் போட்டுவிடுவார்களா?’ என்பதுதான். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், 1897-ல் திருவிதாங்கூர் அரசு அறிவித்த ஏலமலைக் காப்புப் பகுதியில், நிலம் வருவாய்த் துறையிடம், மரம் வனத்துறையிடம் என்று இரட்டை ஆட்சி. இது காடா, வருவாய் நிலமா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. 2024 அக்டோபரில் புதிய பட்டா வழங்குவதற்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், மலைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே மரம் வெட்டக் குழுவின் அனுமதி வேண்டும். சந்தனம் போன்ற மரங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு. அரசு நிலம் என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு.

இந்தச் சட்டங்கள் இல்லாவிட்டால் ஏலமலையில் இன்று மரமே மிஞ்சியிருக்காது. அதில் சந்தேகமில்லை. ஆனால், விழப்போகும் மரத்துக்குச் சட்டத்தில் வழியே இல்லை என்று நினைப்பது தவறு.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவாகத் தொடர்கிறது. ஒரு மரம் விழுந்து அக்கம்பக்கத்தில் வசிப்பவருக்கோ, தொழில் செய்பவருக்கோ, வழிப்போக்கருக்கோ காயம் ஏற்படுத்தும் நிலையில் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக் கொடுத்துத் தாங்கவோ ஆட்சியரும் கோட்டாட்சியரும் உத்தரவிடலாம். கேரளத்தில் 1994-ஆம் ஆண்டு பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 238-வது பிரிவு, ஆபத்தான மரத்தின் மீது நடவடிக்கை எடுக்கக் கிராமப் பஞ்சாயத்துக்கே அதிகாரம் தருகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஆட்சியரும் தலையிடலாம்.

நடைமுறையில் குறை எங்கே? மனு கொடுத்து, ஆய்வுக்கு ஆள் வந்து, கோப்பு நகர்வதற்குள் மழை வந்துவிடுகிறது. அதிகாரிக்கோ, இதைச் சாக்காக வைத்து நல்ல மரத்தையும் வெட்டிவிடுவார்கள் என்ற சந்தேகம். இரு பக்க அவநம்பிக்கைக்கும் நடுவே, காய் எடுப்பவரின் தலைக்கு மேலே மரம் அப்படியே நிற்கிறது.

| யாரிடம் சொல்வது? |
|---|
| ● மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077 (இரு மாநிலங்களிலும்) |
| ● தீயணைப்பு, காவல் உள்ளிட்ட எல்லா அவசரங்களுக்கும்: 112 |
| ● ஆம்புலன்ஸ்: 108 |
| ● தமிழ்நாட்டில் மின்கம்பி தொடர்பான புகார், மின்னகம்: 94987 94987 |
| ● மனு கொடுக்கும்போது: மரத்தின் படம், அது நிற்கும் சர்வே எண், கீழே யார் வேலை செய்கிறார்கள் அல்லது வசிக்கிறார்கள் என்ற விவரம் சேர்த்துக் கொடுத்து, பெற்றதற்கு ரசீது வாங்குங்கள். |

விழுந்த பிறகு கணக்கு யார் தலையில்?

தோட்ட முதலாளிக்கு முதல் நஷ்டம் செடி. பெரிய மரம் ஒன்று விழுந்தால் அதன் கீழிருந்த தூர்கள் நசுங்கும். மறுபடி நட்டால் காய்ப்புக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். நிழல் போன இடத்தில் வெயில் விழுந்து மிச்சச் செடியும் கருகும். திறந்த அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே புகுந்து, அடுத்த மழையில் அடுத்த மரம் சாயும்.

தொழிலாளியின் குடும்பத்துக்கு ஏற்படும் நஷ்டத்தைக் கணக்கில் சொல்ல முடியாது. சட்டம் மட்டும் ஒரு கணக்குச் சொல்கிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. கணக்கின் அடிப்படை மாறவில்லை. மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 2020-ல் அறிவிக்கப்பட்ட 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பை வைத்துப் பார்த்தால், 40 வயதில் இறந்தவரின் குடும்பத்துக்கு சுமார் 13.8 லட்சம் ரூபாய் வரும். ஆனால் ஜீப்பில் போய்த் தினக்கூலி வாங்கும் பெண்ணின் பெயர், தோட்டத்தின் எந்தப் பதிவேட்டிலாவது இருக்கிறதா? வருகைப் பதிவு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை என்றால், அவர் அங்கே வேலை செய்தார் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. சில ஆயிரங்களைக் கையில் கொடுத்துப் பேசி முடித்துவிடுவது அதனால்தான் எளிதாகிறது.

போடிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. விபத்து கேரளத்தில் நடந்தாலும் இழப்பீட்டு வழக்குக்காக அங்கேயே அலைய வேண்டியதில்லை. உரிமை கோரும் குடும்பம் வழக்கமாக வசிக்கும் பகுதியில் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் அதிகாரியிடமே மனுச் செய்யலாம். தோட்டத்தின் வழக்கமான வேலைக்கு ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்திருந்தாலும், தோட்ட உரிமையாளரின் பொறுப்பு போய்விடாது. வேலைக்குப் போன நாட்களைக் குறித்து வைத்த ஒரு சின்ன நோட்டு, ஜீப்பில் கூட வந்தவர்களின் சாட்சி, தோட்டத்தில் எடுத்த ஒரு போன் படம் எல்லாமே நாளைக்கு ஆதாரம்.

மரம் அறுக்க வந்தவரின் நிலை இன்னும் பரிதாபம். மரத்துக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் வந்தவருக்குக் காப்பீடும் கிடையாது, எழுத்தும் கிடையாது. பயிற்சி பெற்று, கவசம் அணிந்து வருபவர் கூடுதல் கூலி கேட்டால் முதலாளி குறைந்த கூலிக்காரரைத் தேடுகிறார். ஆபத்து அதிகமுள்ள வேலை, இப்படித்தான் அனுபவம் குறைந்தவர் கைக்குப் போய்ச் சேர்கிறது.

வெட்டுவது கடைசி வழி

சாய்ந்த மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. பல ஆண்டுகளாகச் சாய்ந்தே வளர்ந்து, அதற்கேற்ப வேர் ஊன்றிய மரம் பிரச்சினை இல்லாதது. புதிதாகச் சாய்ந்ததுதான் ஆபத்து. உச்சிப் பாரத்தைக் குறைத்தால் போதுமான மரங்கள் உண்டு. பட்ட மரத்தையும் முழுக்க வெட்ட வேண்டும் என்பதில்லை. கீழே ஆள் நடமாட்டம் இல்லாத ஓரமாக இருந்தால் நிற்கட்டும், பறவைக்கும் தேனீக்கும் பொந்தாகும். ஆள் நடக்கும் இடமாக இருந்தால் ஆளைத் திருப்பிவிடலாம். சில வரிசைச் செடிகளை இந்த எடுப்பில் விட்டுவிடுவதால் தோட்டம் திவாலாகிவிடாது.

இதில் வரிசை முக்கியம். முதலில் ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும். அடுத்து இடத்தை அடைக்க வேண்டும். பிறகு வேலை தெரிந்த ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ரம்பம் அதற்கும் பிறகுதான். நம் தோட்டங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் ரம்பம் வருகிறது. ஆட்கள் கடைசிவரை கீழேயே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

சித்திரையிலேயே செய்ய வேண்டியது

தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வருகிறது என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் கிளை கழிக்க எப்படியும் ஆள் வருகிறார்கள். அப்போதே ஒவ்வொரு தோட்டத்திலும் மரங்களைச் சுற்றி வந்து, ஆபத்தானதற்குப் பெயின்டில் குறி போட்டு, பட்டியலைப் பஞ்சாயத்துக்கும் வனத்துறைக்கும் கொடுத்துவிடலாம். இரு மாநில அதிகாரிகளும் மே மாதத்துக்குள் ஆய்வை முடித்து, அனுமதி உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். தாமதம் அதிகாரியுடையதானால் பொறுப்பும் அவருடையதாக வேண்டும். மிஷின் ரம்பக்காரர்களுக்கு வனத்துறையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து பயிற்சி கொடுத்து அடையாள அட்டை வழங்கலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998-லேயே வனத் தொழில் பாதுகாப்புக்கு நடைமுறை விதிகள் வெளியிட்டிருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதைத் தமிழிலும் மலையாளத்திலும் தொழிலாளிக்குப் புரியும்படி சொன்னால் போதும்.

தோட்ட முதலாளிகளுக்கும் கங்காணிகளுக்கும் ஒரு வார்த்தை. பலத்த காற்று எச்சரிக்கை வந்த நாளில் எடுப்பை நிறுத்துங்கள். அந்த நாளின் கூலியையும் கொடுங்கள். கூலி போய்விடும் என்ற பயம்தான் மழையிலும் அவர்களை மரத்தடியில் உட்கார வைக்கிறது. ஜீப் ஏறும் அக்காக்களுக்கும் ஒரு வார்த்தை. மரம் சாய்ந்திருக்கிறது, அங்கே உட்கார மாட்டேன் என்று சொல்வது வேலையை மறுப்பது ஆகாது. ஒருவர் தனியாகச் சொன்னால் நாளைக்கு ஜீப்பில் இடம் இருக்காது. அதனால் ஜீப்பில் வந்த அத்தனை பேரும் சேர்ந்து சொல்லுங்கள்.